நெருப்பு எட்டாத குசினி

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம். பரந்தன் சந்தியில் பஸ் மாறி முரசுமோட்டைப் பக்கம் இறங்கி, வயல் வரம்பால் நடந்து ஒரு குடியேற்றக் காணிக்குப் போனேன். மனையியல் பயிற்சி முடித்து, கிராமத்து வீடுகளைத் திருத்தி அமைக்க உதவும் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தக் காணிக்காரர் முந்தின வாரம் எங்கள் கந்தோருக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

“பிள்ளையளை நெருப்பு எட்டாத குசினி ஒண்டு முத்தத்திலை கட்டவேணும் மிஸ். மண்ணாலை எண்டாலும் பரவாயில்லை.”

காரணத்தை அவருடைய முற்றத்தில் நின்றபோதுதான் சொன்னார். போன வருடம் அறுவடை முடிந்து, மூன்று கல்லில் பெரிய பானை வைத்து நெல் அவித்த நாளில், அவர்களுடைய நாலு வயது மகள் அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகில் இடறி விழுந்திருக்கிறாள். பானை சரிந்துவிட்டது. வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிள்ளை தப்பவில்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகனை அவருடைய அக்கா யாழ்ப்பாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாதுகாப்பான குசினி கட்டினால்தான் பிள்ளை திரும்பி வரும் என்பது அக்காவின் பேச்சு.

“தாய் எங்கே நின்றவா?” என்று கேட்டேன்.

“பக்கத்து வளவிலை கதைச்சுக்கொண்டு நிண்டவள்” என்றார்.

அவருடைய மனைவி எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருக்கலாம். நான் கணவர் சொன்னதை அப்படியே நம்பி, வேலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

என் வழக்கப்படி ஆபத்துகளை முதலில் வரிசைப்படுத்தினேன். மூன்று கல்லுக்குப் பதில் களிமண் அடுப்பு. பானையின் அடி இரண்டு விரல் ஆழம் உள்ளே இறங்கி இருந்தால் இடித்தாலும் சரியாது. விறகைக் குட்டையாகத் தறித்து முழுவதையும் உள்ளே தள்ள வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தீயை அள்ளிக்கொண்டு போகாதபடி அடுப்பின் வாய் வடகிழக்கைப் பார்க்க வேண்டும். கிடுகுக் கூரையைத் தீப்பொறி எட்டாத உயரத்தில் போட வேண்டும். சாம்பலுக்குள் தணல் கிடப்பது வெளியே தெரியாது, அதனால் சாம்பல் கிடங்குக்கு ஒரு மூடி. சுற்றிவர அரைச்சுவர், கொளுக்கி மேலே உள்ள ஒரு சின்னப் படலைக் கதவு. சுவருக்கு வெளியே, சமைப்பவர் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில், பிள்ளை விளையாட வேலி அடைத்த நிழல். வளவின் பின்பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. தண்ணீர் வசதி உண்டு என்று குறித்துவிட்டு, பிள்ளை விழாமல் அந்தப் பக்கமும் வேலி போடச் சொன்னேன்.

கட்டும் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பெண்தான் செய்தார். புற்றுமண் குழைத்தார், சுவர் வைத்தார், சாணியால் மெழுகினார். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் கணவரின் அக்காவை நினைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“இவ்வளவும் காணுமோ மிஸ்? மச்சாள் பாத்தா ஓம் எண்டுவாவோ?”

அறுவடை முடிந்து, குசினியும் முடிந்தது. அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் பையனோடு வந்து இறங்கிய அன்று நானும் போனேன். புதுக் குசினியில் ஒரு முறை உண்மையாகச் சமைத்துப் பார்க்காமல் கையளிக்கக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதனால் முதல் நாளே நெல்லை ஊறப்போடச் சொல்லியிருந்தேன்.

அக்கா பையனை இடுப்பில் வைத்தபடி குசினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானையைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

“கோயில் மூலஸ்தானம் மாதிரியெல்லோ கட்டிப்போட்டியள் பிள்ளை. இனிப் பூசைக்கு ஒரு ஐயரையும் பிடியுங்கோ” என்றார் என்னைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “குசினியிலை ஒரு குறையும் இல்லை. உள்ளுக்கை நிக்கப்போறது ஆர் எண்டதுதான் எனக்கு யோசினை.”

தாய்க்குக் கேட்டிருக்கும். அவர் அடுப்பை மூட்டினார். பையனைத் திரும்பிப் பார்ப்பதும் வேலையைப் பார்ப்பதுமாக முதல் பானை நெல்லை அவித்து இறக்கினார். இரண்டாவதுக்குத் தண்ணீர் போதவில்லை. குடத்தை எடுத்து, படலையைத் திறந்து, கொளுக்கியைக் கவனமாக மாட்டிவிட்டு வெளியே நடந்தார்.

“பாத்தியே தம்பி? அடுப்பு எரியுது, அவ வெளிக்கிட்டாச்சு. இண்டைக்கு ஆரோடை கதைக்கவோ தெரியேல்லை” என்றார் அக்கா.

அந்தப் பெண் நின்றார்.

“தண்ணிக்கு மச்சாள்.”

“வாய்க்கால் பின்னாலைதானே கிடக்கு?”

“நெல்லு வெட்டி முடிஞ்சா வாய்க்காலை அடைச்சுப் போடுவினம். றோட்டுக் கிணத்துக்குத்தான் போகவேணும். அவள் விழுந்த அண்டைக்கும் அதுக்குத்தான் போனனான்” என்றார்.

நான் பின்பக்கம் பார்த்தேன். வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. நெல் அவிக்கும் காலமும் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோகும் காலமும் இங்கே ஒன்றுதான். ஆடியில் வந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். “கதைக்கப் போனவள் எண்டெல்லோ எனக்குச் சொன்னனி?”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வளவுக்கை கிணறு வெட்டத் தொடங்கினனான் அக்கா. கல்லு வந்திட்டுது. பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன். பிள்ளை போன பிறகு அதை எப்பிடி உங்களிட்டைச் சொல்லுறது?”

“எடி, நீ ஏன் வாய் திறக்கேல்லை?”

“திறந்தா அவள் எழும்பி வருவாளோ மச்சாள்? இப்ப இவன் வருவான் எண்டபடியால்தான் சொல்லுறன்.”

அக்கா அரைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். பையன் அவருடைய தாலிக்கொடியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் பேசியபோது குரலில் குத்தல் இல்லை.

“உன்னிலை குற்றம் இல்லை. நான் கதைச்சதை மனதிலை வைச்சிருக்காதை. ஆனா தண்ணி இல்லாத வளவிலை இவனை விட்டிட்டுப் போக எனக்கு ஏலாது. கிணறு முடியட்டும்.”

அவர் சொன்னது நியாயம். தாய் குடத்தை வைத்துவிட்டு, “ஒருக்காத் தூக்கட்டோ?” என்று கையை நீட்டினார். பையன் அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினான். அவர் கையை மடக்கிக்கொண்டு, குடத்தை மறுபடி எடுத்தார். “அடுப்பை ஒருக்காப் பாருங்கோ மிஸ்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனார். அவர் வரும்வரை நான் அடுப்பை விட்டு அசையவில்லை. அவர் திரும்பி வந்தபோது அக்காவும் பையனும் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அந்த மனிதர் மறுநாளே கல்லை உடைக்கத் தொடங்கினார். தண்ணீர் காண அடுத்த வருடமாயிற்று. அதற்குள் எனக்கு வேறு இடத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. பையன் வந்துவிட்டான் என்றும், அக்காவை ‘அம்மா’ என்று கேட்டு அழுகிறான் என்றும், பெற்றவளை ‘மாமி’ என்று கூப்பிடுகிறான் என்றும் எனக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் போனவர் சொன்னார்.

இன்றும் ஒரு வீட்டுக்குப் போனால் அடுப்பைப் பற்றிக் கேட்குமுன் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன். அதையும் குடம் தூக்குகிறவரிடமே, வேறு யாரும் அவருக்காகப் பதில் சொல்லாத இடத்துக்கு அழைத்துப்போய்க் கேட்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் நின்ற ஒருத்தியை விட்டுவிட்டு அவளைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டு எழுதிய அந்த ஆடி மாதத்தை என்னால் மறக்க முடியவில்லை.