சூடம் அணைத்த வெள்ளிக்கிழமை

சத்தியம் செய்த மறுநாள் காலையில் என் கணவர் காப்பி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தார். அப்படியும் பாதிக் காப்பி வேட்டியில் கொட்டியது. மலைக்குளிர்தானே என்று நினைத்தேன். ஆனால் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குளிரில் யாருக்காவது வியர்க்குமா என்று நான் யோசித்திருக்க வேண்டும். "ஒளிச்சு வச்சுக் குடிச்சியா?" என்றுதான் கேட்டேன். கோபத்தில் மரியாதைகூடப் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் குடிக்கிற ஒருவர் இருந்து, எப்படியாவது நிறுத்திவிட மாட்டோமா என்று நீங்கள் தவித்துக்கொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். கொடைக்கானலுக்கு மேலே, பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நல்லது என்று நம்பி நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடிப்பவர். சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் ஒரு குவார்ட்டர், அப்புறம் சோறு, தூக்கம். சண்டை சச்சரவு கிடையாது. ஊரில் பல வீடுகளில் அதுதான் வழக்கம் என்பதால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனா வந்த முதல் வருஷம் சந்தைக்கு வண்டி இறங்கவில்லை. கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பிறகு திண்டுக்கல்லில் இருந்த அவருடைய அண்ணன் அதே நோயில் இறந்தார். முகத்தைப் பார்க்க விடவில்லை. சுடுகாட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே எரிவது அண்ணன்தானா என்றுகூடத் தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார். குளிப்பதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒருநாள், "விடியுதுன்னாலே பயமா இருக்கு புள்ள" என்றார்.

"விடிஞ்சா காட்டுல சோலி இருக்குல்ல, அந்தப் பயம்தான்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பெயர் மனச்சோர்வு (வாரக்கணக்கில் விலகாமல் இருந்து தூக்கத்தையும் பசியையும் வாழும் ஆசையையும் குறைத்துவிடும் நோய்) என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது நான் அதற்கு வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம்.

இரண்டாவது அலையில் ஊரடங்கு வந்து மதுக்கடைகளை மூடினார்கள். அவர் வாங்கி வைத்திருந்த கடைசிப் பாட்டிலும் தீரும் நிலை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். கையோடு சத்தியமும் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது எங்கள் நம்பிக்கை. வாய்க்கால் தகராறிலிருந்து பங்காளிச் சண்டைவரை அப்படித்தான் தீர்ந்திருக்கிறது.

ஊரடங்கில் அம்மன் கோயில் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, பூட்டிய கதவுக்கு முன்னால் சூடத்தை ஏற்றினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையை வைத்து அழுத்தி அணைத்தார். "இனித் தொடமாட்டேன்" என்றார். வீட்டுக்கு நடக்கும்போது நான் அழுதேன். அது நிம்மதி அழுகை.

மறுநாள்தான் அந்த நடுக்கம். சாயங்காலம் வாந்தி. வைக்கோல் படப்பு, பூண்டு பரண், மோட்டார் ரூம் என்று நான் ஒளித்த பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டில் கிடைக்கவில்லை. அப்போதும் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை, சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போர்வையிலிருந்து எறும்புகளைத் தட்டிவிட ஆரம்பித்தார். போர்வையில் ஒரு எறும்பும் இல்லை. பிறகு வாசலைப் பார்த்து, "அண்ணே, ஏன் வெளியவே நிக்கிற? உள்ள வா" என்றார்.

என் கொழுந்தன் பாண்டி பயந்துவிட்டான். "மதினி, வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவமா?" என்றான்.

"அங்க போயி கொரோனாவ வாங்கிட்டு வரவா? சத்தியத்த மீறுன குத்தம் இது. அம்மங்கிட்டதான் தீரும்" என்றேன். இதை ஊரார் சொன்னார்கள் என்று எழுதிவிடலாம். அவர்களும் சொன்னார்கள்தான். ஆனால் முதலில் சொன்னது நான்.

தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரத் துணியோடு கோயில் கதவின் முன்னால் அவரை உட்காரவைத்தோம். பூசாரி திருநீறு போட்டார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பல் கிட்டித்துக்கொள்ள, என் சேலையைப் பிடித்து, "நான் தொடலை புள்ள. சத்தியமா தொடலை" என்றார்.

"இன்னொரு சத்தியமா?" என்றேன். சேலையை உருவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் வலிப்பு வந்தது. பாண்டி என்னைக் கேட்கவில்லை. அண்ணனைத் தூக்கி ஜீப்பில் போட்டுவிட்டான். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அம்மனைக் கும்பிட்டேன், அவரை மன்னித்துவிடு என்று.

கொடைக்கானலில் ஊசி போட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மலையிறங்கும் வழியில் இன்னொரு முறை வலிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் மூச்சுக்குத் திணறும் ஆட்கள். கட்டில் இல்லை. சுவரோரம் பாய் போட்டு, அவர் எழுந்து ஓடாமலிருக்கக் கையைத் துணியால் கட்டினார்கள். தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பில் ஒரு பெண் டாக்டர் வந்தார். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"கடைசியா எப்பம்மா குடிச்சாரு?"

"ஞாயித்துக்கிழமகூடக் குடிச்சிருப்பாரு டாக்டர். சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டு மீறிட்டாரு."

"எப்ப சத்தியம் பண்ணாரு?"

"வெள்ளிக்கிழம."

டாக்டர் விரலை மடக்கி எண்ணினார். "அவரு மீறலம்மா. குடிச்சிருந்தா இந்த நடுக்கம் அடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைக்கப்புறம் ஒரு சொட்டு தொடாததனாலதான் இது வந்திருக்கு."

வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடல், அது திடீரென்று நின்றால் தாங்காதாம். முதலில் நடுக்கம், பிறகு வலிப்பு, பிறகு டெலிரியம் (இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, இடமும் ஆளும் குழம்பிப்போகும் நிலை). உயிரே போகலாம். நிறுத்துவது சரிதான், ஆனால் டாக்டரிடம் காட்டி, மாத்திரை கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்து நிறுத்த வேண்டும் என்றார். நீங்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் என் பாரம்.

பத்து நாளில் நடுக்கம் நின்றது. கட்டை அவிழ்த்தார்கள். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். பிழைத்துவிட்டார் என்று பாண்டிக்குப் போன் செய்தேன். திரும்பி வந்தபோது, "எப்ப புள்ள வந்த?" என்று கேட்டார். அன்று நாலைந்து முறை அப்படிக் கேட்டார்.

அதற்குப் பெயர் கோர்சகாஃப் (புதிதாக நடப்பது எதுவும் மனதில் தங்காமலும், அதற்கு முந்தைய சில வருஷ நினைவுகள் அழிந்தும் போகும் நோய்). சரியாகச் சாப்பிடாமல் குடித்துக் குடித்து தயமின் (பி1 உயிர்ச்சத்து) வற்றிப்போய், மூளையில் ஞாபகம் சேரும் இடம் அடிபட்டிருக்கிறதாம்.

"ஞாயித்துக்கிழமயே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

டாக்டர், "நிச்சயமா சொல்ல முடியாதும்மா" என்றார். அது இரக்கமா உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் அதன்பிறகு குடிக்கவில்லை. குளிக்கிறார், பசித்துச் சாப்பிடுகிறார், பக்கத்தில் நின்று சொன்னால் களை எடுக்கிறார். சுவரைப் பார்த்துப் படுப்பதில்லை. "ஆளு தெளிஞ்சுட்டாப்ல" என்கிறார்கள் ஊரில். அண்ணன் இறந்ததே அவருக்கு நினைவில்லை. முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அன்றுதான் செத்தார் என்பதுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மூன்று முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இப்போது, "சிக்னல் இல்லீங்க, நாளைக்கு அண்ணனுக்குப் போன் போடுவோம்" என்கிறேன்.

எங்கள் வீட்டில் நேற்று என்று ஒன்று எனக்கு மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே வைத்துக்கொள்கிறேன். அவர் கை கொஞ்சம் அசைந்தால்கூட என் உடம்பு தூக்கிப்போடுகிறது. அந்த நடுக்கம் அவரை விட்டு என்னிடம் வந்துவிட்டதோ என்று சில நாள் தோன்றும்.

போன மாதம் பூண்டுக் காட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சூடம், ஈரத் துணி, நான் உருவிக்கொண்ட சேலை, எல்லாம். நீங்கள் சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள், நான்தான் நம்பவில்லை என்றேன். பொறுமையாகக் கேட்டார். என் தலையில் கையை வைத்து, "நீ என்ன பண்ணுவ புள்ள, தெரியாமத்தான" என்றார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் எனக்கு மூச்சு முழுதாக வந்தது.

எழுந்து போய் வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஏன் புள்ள அழுத? யாரு என்ன சொன்னா உன்னைய?"

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாருன்னு சொல்லு. நான் போயி கேக்குறேன்."