காற்றில்லாமல் உள்ளே வந்த திரை

லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதலில் சுடுதண்ணீர் ஷவர் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். தலவாக்கலையில் ஒரு பாடசாலையில் எனக்கு விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்ததும், வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்துக் குளியலறை கட்டினோம். அதுவரை அம்மா, மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, எல்லோரும் போய்வரும் வழியில் இருந்த பொதுக் குழாயடியில் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டுதான் குளித்தார்.

கதவு மட்டும் வைக்க முடியவில்லை. வேலை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து தடுத்துவிட்டார். தோட்டத்து வீட்டில் நிலை, கதவு என்று நிரந்தரமாக எதையும் பொருத்தக் கூடாதாம்.

“ஒரு திரை போதும்மா. யாரு வந்து பாக்கப்போறாங்க?” என்றார்.

நுவரெலியாவில் ஒரு பிளாஸ்டிக் திரை வாங்கி வந்து மாட்டினேன். முதல் நாளே உள்ளேயிருந்து அம்மா கத்தினார்.

“புள்ள, யாரோ திரையத் தள்ளுறாங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாருமே இல்லை. திரை உள்பக்கமாக உப்பி அம்மாவின் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரங்களிலும் இடைவெளி. வேலைக்குப் போகும் பாதையிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியும். அம்மா அழவில்லை, ஆனால் அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, “காத்துதான்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்தில் ஓர் இலைகூட ஆடாத ஒரு காலையில் திரைக்கு வெளியே ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். புகை நேராக மேலே போனது. ஷவரைத் திறந்தேன். புகை வளைந்து, திரையின் அடிப்பக்கமாக உள்ளே நுழைந்தது. பச்சைத்தண்ணீரைத் திறந்தும் பார்த்தேன். கொஞ்சம் குறைவாக, ஆனாலும் திரை உள்ளேதான் வந்தது.

அம்மாவுக்கு அடுப்படியில் வைத்து விளக்கினேன். விழுகிற துளிகள் பக்கத்துக் காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகின்றன. அந்தக் காற்று உள்ளே சுழல்கிறது. சுழலின் நடுவில் அமுக்கம் குறைவு; வெளியே இருப்பது அதைவிட அதிகம். அதனால் வெளிக்காற்று திரையை உள்ளே தள்ளுகிறது. சுடுதண்ணீர் என்றால் உள்ளே சூடான காற்று மேலே ஏறும். அந்த இடத்துக்குக் குளிர்காற்று கீழ்வழியாக வரும். இதில் எது எவ்வளவு என்று விஞ்ஞானிகளிடையே இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளப்படவில்லை என்பதையும் சொன்னேன்.

“அப்ப யாரு மேலயும் தப்பில்ல. தண்ணி தொறந்தா தெற வரும். அவ்ளோதான?”

“ஆமாம்மா.”

“அப்ப கதவு வேணும்.”

கண்டாக்கு ஐயாவை வரச்சொல்லி அவர் கண்முன்னே தண்ணீரைத் திறந்து காட்டினேன். திரை உள்ளே போனது. “கீழ ரெண்டு கல்லு வைங்க டீச்சர்” என்றார். வைத்தேன். திரையின் அடிப்பக்கம் அசையாமல் நின்றது, நடுப்பகுதி உப்பி, ஓரம் மறுபடி திறந்துகொண்டது.

அம்மா முன்னால் வந்தார்.

“ஐயா, ஒங்க வீட்டுல கதவில்லாம குளிப்பீங்களா? ஒங்க வீட்டம்மா குளிப்பாங்களா?”

எங்கள் லயத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. “சட்டம் சட்டம்தாம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தச்சரைக் கூப்பிட்டுக் கதவு போட்டோம். உள்ளே ஒரு தாழ்ப்பாளும்.

மறுவாரம் கண்டாக்கு ஐயா வந்து பார்த்தார். “கழட்டிருங்க. தொரைக்குத் தெரிஞ்சா பிரச்சினையாயிரும்.”

“தொரைகிட்ட நானே சொல்றேன் ஐயா. கழட்ட மாட்டோம்” என்றேன்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இதுவரை வரவில்லை. ஒருநாள் வந்தாலும் வரலாம். இப்போது எங்கள் வரிசையில் இன்னும் நான்கு வீட்டுக் குளியலறைகளுக்குக் கதவு இருக்கிறது. அம்மா வேலை முடிந்து வந்து, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, யாருக்காகவும் அவசரப்படாமல் குளிக்கிறார்.