ரிக்குக்கு ஒரு தலையாட்டல்

காய்கறிக் கடையில் பில் போடும் பெண், பை வேண்டுமா என்று கேட்டாள். தலையை அங்கும் இங்குமாக ஆட்டினேன். அவள் பையை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். காரைக்குடியில் அந்த ஆட்டலுக்கு ஒரே அர்த்தம்தான்: சரி, போடுங்க. அமெரிக்காவில், இந்த ஒஹாயோவில் அதற்கு அர்த்தமே கிடையாது. இத்தனை வருஷத்தில் நாக்குக்கு வந்த இங்கிலீஷ் இன்னும் கழுத்துக்கு வந்து சேரவில்லை.

இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டுதான் போன கோடையில் எங்கள் பகுதி பேஸ்பால் அணியில் பந்து எறியும் பிட்ச்சர் ஆனேன். ஊரில் டென்னிஸ் பால் கிரிக்கெட்டில், "கைய மடக்கி எறியுறான்யா" என்று நோ-பால் கொடுத்தே என்னை ஓரங்கட்டிய மகானுபாவர்கள் இதைப் படிக்க வேண்டும். இங்கே மடக்கி எறிந்தால்தான் மரியாதை. எறிவதைப் பிடிக்கும் கேட்ச்சர் ரிக், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். எதை எறிகிறோம் என்பதைவிட எதற்குப் பின்னால் எதை எறிகிறோம் என்பதில்தான் வித்தை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு வேகப்பந்தைப் பார்த்த கண்ணுக்கு, அதே கைவீச்சில் மெதுவாக ஒன்று வந்தால் கணக்குத் தப்பும். அடிக்க நிற்பவன் பந்து வருமுன்னே மட்டையை வீசிவிடுவான். எனக்கு உடனே விளங்கியது. கருப்பட்டிப் பணியாரம் தின்ற வாயோடு டீ குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? டீயில் சர்க்கரை இருக்கும், நாக்குதான் ஏமாந்திருக்கும்.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் அம்மா போன் செய்திருந்தாள். அப்பா இறந்ததிலிருந்து செக்காலை ரோட்டு ஹார்டுவேர் கடையை அவள்தான் பார்க்கிறாள். "முட்டி வலி தாங்கலப்பா. பக்கத்துக் கடைக்காரரு கடையக் கேக்குறாரு. குடுத்துறவா, இல்ல நீ ஊருக்கே வந்துர்றியா? ஞாயித்துக்கெழம ஒரு வார்த்த சொல்லிரு."

இன்னும் ஒருவனை வீழ்த்தினால் ஜெயம் என்ற நிலையிலும் என் மனசு அந்தக் கடையில்தான் இருந்தது. நெட்டையன் ஒருவன் மட்டையோடு நின்றான். இரண்டு வேகப்பந்துகளைக் கோட்டுக்கு வெளியே அடித்திருந்தான்; இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் அவுட். ரிக் குந்தியபடி நான்கு விரல் காட்டினார்: மெதுவான பந்து. சரி என்று ஆட்டினேன். சீசன் முழுக்க மேலும் கீழும் ஆட்டப் பழக்கி வைத்திருந்த கழுத்து அன்றைக்கு ஊர்ப்பக்கம் போய்விட்டது. மாட்டேன் என்கிறான் என்று நினைத்து ரிக் இரண்டு விரல் காட்டினார்: வளையும் பந்து. அதற்கும் ஆட்டினேன். ஒரு விரல், வேகப்பந்து. அதற்கும். எழுந்து என்னிடமே வந்துவிட்டார்.

"உனக்கு என்னதான் வேண்டும்?"

"எல்லாவற்றுக்கும் சரி என்றுதானே சொன்னேன்!"

ரிக் கையுறையால் வாயை மறைத்துச் சிரித்தார். "இன்னும் இரண்டு தடவை ஆட்டு. எறிவது மெதுவானதுதான்."

ஆட்டினேன். எல்லாவற்றையும் மறுக்கிறானே, வேகப்பந்துதான் போடுவேன் என்று அடம்பிடிக்கிறான் போல என்று நெட்டையன் முடிவு செய்திருக்க வேண்டும். பந்து பாதி வழியில் இருக்கும்போதே மட்டையைச் சுழற்றிவிட்டான். ரிக் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் மனைவி வள்ளிதான் தலையில் அடித்துக்கொண்டாள். "அங்குட்டும் இங்குட்டும் ஆட்டுனா அந்த மனுசனுக்கு என்ன வெளங்கும்? வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?"

மறுநாள் காலை வீடியோவில் அம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்கள். இங்கேயே பிறந்த மகள் யாழினி என் மடியில் இருந்தாள்.

"என்னப்பா, வந்துர்றியா?"

போக வேண்டும் என்றுதான் இருந்தது. யாழினியை விட்டுப் போகவும் முடியாது, இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போகவும் மனசில்லை. கழுத்து மட்டும் ஆடியது.

"வாரேங்கிறான்!" அம்மா கடைப் பையனிடம் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

யாழினி மடியிலிருந்து குதித்து அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, அப்பா நோ சொல்லிட்டாங்க, நாம எங்கயும் போகல!"

வள்ளி ஈரக்கையோடு வந்து நின்றாள். "நீக என்ன சொன்னீக?"

என் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.