காவிரி மணலில் முட்டைப் பந்து

தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை என்று போன மாதம் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். உருண்டை இல்லை, முட்டை வடிவம். "எனக்கு நேரா போடுங்க தாத்தா" என்றாள். நான் இடுப்பைத் திருப்பி, பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளிப் போட்டேன். அது பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்திருந்த அம்மாளின் மடியில் போய் விழுந்தது. "நேரான்னா நேரா தாத்தா!" நேரே போடவே கூடாது என்று ஒருவர் எனக்குக் கோடை முழுக்கத் தொண்டை வற்றக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை அவளிடம் எப்படி விளக்குவது? உங்களிடம் சொல்லலாம்.

அவரைக் கண்டி பாய் என்போம். பெரிய கடை வீதியில் மாமனாரின் குடைக்கடையில் உட்கார்ந்திருப்பார். இலங்கையில் கண்டியில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கே அப்பா வைத்திருந்த கடையும் குடியுரிமையும் கைவிட்டுப் போனபின் திருச்சிக்கு வந்தவர். அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ரக்பி பந்தும்தான் கொண்டுவந்தார் என்று மாமனார் எல்லோரிடமும் சொல்வார். ரக்பியில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான். அந்தத் தோல் பந்துக்கு பாய் தினமும் தேங்காய் எண்ணெய் தடவுவார். குடைத்துணி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து அவர் பக்கத்தில் நின்றாலே ஒரு மாதிரி இருக்கும். நான் குடை ரிப்பேருக்குப் போனவன். பந்தைத் தொட்டுப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன்.

கோடையில் காவிரி வறண்டதும் ஸ்ரீரங்கம் பாலத்துக்குக் கீழே மணல்தான். விழுந்தால் அடிபடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே ஏழு பேர் கூடினோம். லால்குடியிலிருந்து ரயிலேறி வரும் மாணிக்கம், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் குடியிருந்த என் ஆபீஸ் சிநேகிதன் பாச்சு, நான், இன்னும் நாலு பேர். என்னைத் தவிர எல்லாரும் சடுகுடு ஆடுகிறவர்கள். எனக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். பஸ்ஸில் ஏறினால் நிற்பவர்களை எண்ணுவேன், கல்யாணத்தில் இலையை எண்ணுவேன். கணக்கு ஒத்துவராவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அந்தக் கெட்ட குணத்துக்காகவே பாய் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் மனதில் ஒரு உத்தி இருந்தது. மூன்றுக்கு மூன்று பேர் தோள் கோத்துக் குனிந்து தள்ளுகிற 'ஸ்க்ரம்' என்ற இடத்தில் பந்தை எடுப்பது நான். மாணிக்கம் என் பக்கத்திலிருந்து, பந்து தன்னிடம் இருப்பதுபோல இரண்டு கையையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் பாய வேண்டும். நான் மனதுக்குள் மூன்று எண்ணி அவன் முதுகுக்குப் பின்னால் பந்தை வீச வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருகிற பாச்சு அதை வாங்கிக்கொண்டு ஓடி, கடைசிக் கோட்டுக்கு அப்பால் தரையில் பந்தை அழுத்தினால் 'டிரை'. பள்ளிக்கூடத்தில் பாயே யோசித்துக் கண்டுபிடித்தது இது. ஆனால் அங்கே அவரைக் கடைசிவரை மாற்று ஆளாகவே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்களாம். "ஒரு தடவை இது நடக்குறதப் பாக்கணும் தம்பி, அவ்வளவுதான்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வந்த சங்கடம் வேறு. எதிரியின் பக்கம் காலெடுத்து வைத்ததும் மாணிக்கம் மூச்சை அடக்கி "சடுகுடு சடுகுடு" என்று பாட ஆரம்பித்துவிடுவான்.

"மூச்சை விடப்பா! இது வேற ஆட்டம்!"

"எதிரி மண்ணுல கால வச்சா அதுவா வருது பாய். பாடாம போனா எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

இன்னொன்று, யாராவது விரலால் தொட்டாலே போதும், அவுட் என்று பந்தைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பாய் தலையில் அடித்துக்கொள்வார். "தொட்டா போதாது! கட்டிப் புடிச்சு விழுத்தணும்! அதுவரைக்கும் ஓடு!" நாலைந்து வாரத்தில் இந்தப் பழக்கம் ஒருவழியாகப் போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. ஒருநாள் மாணிக்கம் பாடிக்கொண்டே வர, காவல் நின்ற எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். பாச்சு பந்தோடு சிரமமில்லாமல் தாண்டிப் போனான். பாய் மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஓம், ஓம்! பாடு! இன்னும் சத்தமாப் பாடு!" என்றார். உற்சாகம் வந்தால் அவருக்குக் கண்டித் தமிழ் வந்துவிடும், 'ஆமாம்' 'ஓம்' ஆகிவிடும்.

அந்தச் சமயம் ஊருக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர்களை பாய் எப்படியோ போய்ப் பார்த்துவிட்டார். அவர்களின் தலைவர், நல்ல உயரம், சிரித்துக்கொண்டே எங்களோடு ஒரு ஆட்டம் ஆட ஒப்புக்கொண்டார். நாங்கள் ஒரே ஒரு டிரை போட்டுவிட்டால் ஞாயிறுதோறும் வருவார்கள், புதுப் பந்தும் கோல் கம்பங்களும் தருவார்கள். இல்லாவிட்டால் டென்னிஸ் ஆடப் போய்விடுவார்கள். எங்கள் பந்தோ தையல் விட ஆரம்பித்திருந்தது.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த வாரம் ஆட்டம். இன்னும் சில நாளில் மைதானமே இருக்காது. பாலத்துக் கைப்பிடியில் வரிசையாகத் தலைகள். பாயின் மாமனாரும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? அவர்கள் எங்களை மூட்டையைப் போலத் தூக்கிப் போட்டார்கள். ஐந்து டிரை. "நல்லா புரட்டி எடுக்குறாங்க மாப்பிள்ள!" என்று மாமனாரின் குரல் கேட்டது. முடியப் போகிற நேரத்தில் அவர்கள் கோட்டுக்கு அருகே எங்களுக்கு ஸ்க்ரம் கிடைத்தது. பாய் ஒன்றும் கத்தவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மாணிக்கம் பாடினான். அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. பாலம் முழுக்கக் கேட்டிருக்கும். அந்த உயரமான தலைவரே வாயைப் பிளந்து அவன் பக்கம் திரும்பினார். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். நான் எண்ணி வீசினேன். பாச்சு வாங்கிவிட்டான். எதிரே ஒருவருமில்லை, வெறும் மணலும் கோடும். பின்னால் ஒரே ஒரு வெள்ளைக்காரப் பையன் விரட்டி வந்து, கட்டிப் பிடிக்க எட்டாமல், கையை நீட்டியபடி குப்புற விழுந்தான்.

பாச்சு நின்றுவிட்டான். கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம். பந்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்கிக் காட்டி, ஓரமாக நடந்து போனான். பின்னால் வந்த இன்னொரு வெள்ளைக்காரன் பந்தை எடுத்து ஓரக் கோட்டுக்கு வெளியே உதைத்தான். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"ஏண்டா? ஏன் நின்னே?" என்று நான் கத்தினேன்.

"முதுகுல பட்டுதுடா. விரல்தான். ஆனா பட்டுது." பாச்சுவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "ஐயோ பாய், பாட்டு காதுல விழுந்துதா, எல்லாம் மறந்துபோயிடுத்து..."

வெள்ளைக்காரத் தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலில் சுளுக்கா என்று கேட்டார். கைகுலுக்கிவிட்டு அவர்கள் ஜீப்பில் ஏறினார்கள். பாய் பாச்சுவின் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "உத்தி சரியா வந்துச்சுல்ல?" என்றார். "வந்துச்சு. நான் பாத்தேன்" என்று அவரே சொல்லிக்கொண்டார். மாமனார் குடையை மடக்கி, "வாங்க மாப்பிள்ள, கடை தொறக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த கோடைக்குள் பந்து பிய்ந்து, மாணிக்கத்துக்கு வெளியூரில் வேலை கிடைத்து, ஏழு பேர் நாலு பேரானோம். நாலு பேரை வைத்து அந்த ஆட்டம் ஆட முடியாது. பாயும் பாச்சுவும் இப்போது இல்லை. மற்றவர்களைப் பற்றித் தகவலே இல்லை. எண்ணிப் பார்த்தால் நிச்சயமாகத் தெரிந்தவரை மிச்சம் நான் ஒருவன்தான். பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும்போது எட்டிப் பார்க்கிறேன். கீழே பள்ளமும் களிமண்ணும் நாணலும். மணலை வருஷக்கணக்காக லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பாச்சு ஓடாமல் விட்ட அந்த ஒரு அடி, எந்த ஊரில் யார் வீட்டுச் சுவரில் பூசப்பட்டிருக்கிறதோ.