அதர்மம் நடத்திய டீச்சர்

தத்துவம் நடத்துவதில் பாதி வேலை, பாடத்தின் பெயருக்கு விளக்கம் சொல்வதிலேயே போய்விடும்; யாருக்கும் வேண்டாத பாடம் நடத்தும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

சாம்பிள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸேறி ராஜபாளையத்தில் ஒரு கல்லூரிக்குப் போகிறேன். என்னுடையது விருப்பப் பாடம். இந்த வருஷம் ஆள் சேராவிட்டால் எடுத்துவிடுவேன் என்று முதல்வர் சொல்லிவிட்டார். வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் பிடிக்க எனக்கு வாய் வராது. அதனால் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன்: ‘திரவியம் என்றால் என்ன? சமணம் சொல்லும் ஆறு வகைகள். வாருங்கள்.’ அறை நிறைந்துவிட்டது. முதல் பெஞ்சுப் பெண் மணிக்கட்டை நீட்டினாள்.

“மேடம், ஆறுல மல்லிகை சென்ட் இருக்கா? செத்த அடிச்சு விடுங்க.”

தட்டு

வாசனைத் திரவியம் இல்லை என்று தெரிந்தும் மிஞ்சியவர்களுக்காக எங்கள் ஊர்ப் பால்கோவா வாங்கிப் போனேன். பால் என்ற நிலை போனது, கோவா என்ற நிலை வந்தது, அடியிலுள்ள பொருள் போகவில்லை. அதுதான் திரவியம் என்றேன். ஒருத்தி பஞ்சு, நூல், சேலை என்று தானாகவே அடுக்கினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து வணிகவியல் பேராசிரியர் உள்ளே வந்து, பாதியை வாயிலும் மீதியைக் கையிலும் எடுத்துக்கொண்டார். காலித் தட்டைக் காட்டிக் கேட்டார்.

“பொருள் அழியாதுன்னீகளே மேடம், தட்டுல எங்க?”

புகார்

சமணத்தில் தர்மம் என்றால் புண்ணியம் இல்லை. மீனுக்குத் தண்ணீர்போல, நகர்கிறவை நகரத் துணைநிற்கும் திரவியம். அதர்மமோ வழிப்போக்கனுக்கு மரநிழல்போல, நிற்கிறவை நிற்கத் துணையாவது. ஒரு மாணவன் வீட்டில் போய், ‘டீச்சர் அதர்மம் நடத்துறாங்க’ என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா நேரே முதல்வர் அறைக்கு வந்துவிட்டார். பால்கோவாவில் ஆரம்பித்து மரநிழல் வரை திக்கித் திணறி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு முதல்வரிடம் திரும்பினார்.

“கேட்டீகளா சார்! எம் மவன் விடிஞ்சு எம்புட்டு நேரமானாலும் எந்திரிக்காமக் கெடக்கானே, இந்தம்மா பாடந்தான் காரணம்!”

பலகை

மறுவாரம் என் வகுப்பறைக் கதவில் ‘ஆளுமை வளர்ச்சி’ என்று புதுப் பலகை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே குரல் எழும்பாத நான், முதல்வரிடம் கத்திவிட்டேன்: “ஒரு வார்த்தை புரியலைன்னா பாடத்தையே தூக்கிருவீங்களா சார்?” அவர் பொறுமையாகச் சிரித்தார்.

“அறை அதேதான், பிள்ளைக அதேதான், நீங்களும் இருக்கீக. நிலைதானம்மா மாறியிருக்கு, இதத்தான நீங்க நடத்துனீக?”

அந்தக் கல்லூரியில் என் பாடம் சரியாகப் புரிந்த ஒரே ஆள், அதை ஒழித்தவர்தான்.