சமாதானக் கறி

“...ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டா, அவரு எதுக்குங்க அடிக்கிறத நிறுத்தணும்?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். மெதுவாகக் கேட்கவில்லை. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மாமாவின் காதில் நன்றாக விழும்படி கேட்டாள். அப்பா சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் இருந்தோம். அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, போலகத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறி, ஒரு துணிப்பையோடு அத்தை வந்து இறங்கினால் என்ன நடந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அப்பா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அவருக்குக் கோவம் வர்ற மாதிரி நீ என்ன பாப்பா சொன்ன?” வீங்கின முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அப்பா கெட்டவர் இல்லை. தங்கை வாழாமல் வந்துவிட்டாள் என்று ஊர் சொல்லிவிடுமோ என்று பயந்தவர். அந்தப் பயத்தில் பாதியாவது தங்கையின் உயிருக்காகப் பட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் கல்யாண வேலை போல ஒழுங்காக நடக்கும். அப்பா மாமாவுக்கு போன் போடுவார். போனிலேயே குரல் குழையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் போய்க் கறி எடுப்பார். “மாப்ள சாப்பிடுறது, நெஞ்செலும்பா பாத்துப் போடுங்க” என்று கடைக்காரரிடம் சொல்வார். மாமா வருவார், பெரிய இலையாகப் போடுவோம். மோர் ஊற்றுகிற நேரமாகப் பார்த்து அப்பா, “கொஞ்சம் பாத்து நடந்துக்குங்க மாப்ள” என்பார், ரோட்டில் பள்ளம் இருப்பதைச் சொல்கிறவர் போல. “கோவம் வந்தா கை நீண்டுடுது மச்சான்” என்பார் மாமா, அந்தக் கை பக்கத்து வீட்டுக்காரருடையது போல. அவ்வளவுதான் விசாரணை. அம்மா அத்தைக்குக் குங்குமம் வைத்து, தலையில் பூவும் வைத்துவிடுவாள். அத்தை வண்டியில் ஏறுவாள். ஒரே வருஷத்தில் நான்கு முறை.

எனக்கோ அத்தை வந்தால் கொண்டாட்டம். மற்ற நாட்களில் மத்தி மீனும் கத்திரிக்காயும்தான். கறி எடுத்தால் ஈரல் துண்டு முழுக்க எனக்கு. ஆகவே ஐந்தாவது முறை, ஒரு வியாழக்கிழமை, உதடு கிழிந்து அத்தை வந்து நின்றபோது ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு கேட்டேன்: “அப்ப ஞாயித்துக்கெழம கறியா அத்தை?”

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்ததில் உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. மூன்று நாளும் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கறி வந்தது, மாமாவும் வந்தார். சாப்பாட்டுக்கு முன்பே அப்பா அத்தையின் பையை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் வண்டியில் மாட்டிவிட்டார். அத்தனை அவசரம். அதைப் பார்த்த அத்தை அடுப்பங்கரைக் கதவோரம் வந்து நின்று, “நான் போகல அண்ணி. போனா, இன்னொரு தடவ பஸ் ஏறி வர்றதுக்கு நான் இருக்க மாட்டேன்” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ கறியா என்று அம்மா அப்படிக் குரலை உயர்த்திக் கேட்டது.

அப்பா உள்ளே ஓடி வந்தார். “மெதுவாப் பேசுடி. மாப்ள கோவிச்சுக்கிட்டுப் போயிடப் போறாரு.”

“போகட்டும்! அதுக்குத்தான கத்துறேன்” என்றாள் அம்மா. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

குழம்பு பாதிதான் வெந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தனக்காக அழுகிறேன் என்று நினைத்து அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனாள். மாமாவின் வண்டியிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்து அத்தையின் கையைப் பிடித்தாள். காரைக்கால் மகளிர் காவல் நிலையத்துக்குப் போக, மசாலா வாசனை போகாத தன் மறுகையை நடுரோட்டில் நீட்டி பஸ்ஸை நிறுத்தினாள்.