தடை போட்ட நாட்களில் கணக்கும் இங்கிலீஷும்

ஐந்தருவியில் வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே எங்கள் பழக்கடை. நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான், பிளம்ஸ் என்று குவித்து வைத்து நானும் என் வீட்டுக்காரரும் விற்போம். சீசன் முடிந்தால் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டி. சீசன் தொடங்கும் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் ஒன்றே என்பதால், ஒவ்வொரு வருடமும் முதல் மூன்று மாத வீட்டுப்பாடத்தை என் மகள் கடையில் வைத்துத்தான் எழுதுவாள். தென்காசியில் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி நேரே ஐந்தருவிக்கு வந்துவிடுவாள். சாரலில் நோட்டு நனையாமல் இருக்க மடியில் பாலித்தீன் தாளை விரித்துக்கொண்டு உட்காருவாள்.

ஐந்தாவது வரை தமிழில் படித்தவளை ஆறாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். அந்த வருடத்தை எப்படியோ தள்ளிவிட்டாள். ஏழாவதில் முதல் பரீட்சை முடிந்த வாரம், ஒருநாள் கடைக்கு வந்தவள் பையை இறக்காமல் நின்றாள். என்னவென்று கேட்டதற்கு டைரியை எடுத்து நீட்டினாள். சிவப்பு மையில் இங்கிலீஷில் இரண்டு வரி. கூட்டெழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"என்னட்டி எழுதிருக்கு?"

"எனக்கும் வாசிக்கத் தெரியலம்மா."

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்ல மனமில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். கணக்கில் வகுப்பிலேயே முதல் இரண்டு பேரில் ஒருத்தி. இங்கிலீஷில் முப்பத்தைந்து எடுக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது. திரும்ப எழுதினேன், இருபத்தாறு. மூன்றாவது முறை எழுதுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த டைரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அந்த இருபத்தொன்பது திரும்பி வந்து என் எதிரில் நின்றதுபோல இருந்தது.

பக்கத்துக் கடை துண்டுக்கடை. குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு, அரைக்கால் சட்டை, நைட்டி, சோப்பு, சீயக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த வருடம்தான் அதைப் புதிதாக ஒரு பெண் எடுத்திருந்தாள். தென்காசி முஸ்லிம் தெருவைச் சேர்ந்தவள், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வருவாள். ஆள் இல்லாத நேரத்தில் துணிக்கட்டுக்கு நடுவே உட்கார்ந்து தடித்தடியான புத்தகங்களை வாசித்துக்கொண்டிருப்பாள். அதுவரை நாங்கள் சில்லறை மாற்றிக்கொண்டதும், தார்ப்பாய்க் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டியதும்தான் பழக்கம்.

டைரியை அவளிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு டைரியை மூடிக் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. இங்கிலீஷும் கணக்கும் கொறஞ்சிருக்காம். வீட்ல கொஞ்சம் சொல்லிக் குடுக்கச் சொல்லுதாங்க."

"யாரு சொல்லிக் குடுக்க? டைரியே எனக்கு வாசிக்கத் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

மறுநாள் மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. காலையிலேயே குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கயிறு கட்டி, போலீஸ்காரர் ஒருவர் விசிலோடு நின்றார். தடை என்றால் எங்களுக்கு வியாபாரம் கிடையாது. வந்த வேன்களும் திரும்பிப் போய்விடும். அந்த வெறும் நேரத்தில் அவளே எழுந்து எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். கையில் ஒரு தடிப் புத்தகம்.

"அக்கா, நான் பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டு வருசம் படிச்சேன். முடிக்கல. இப்ப கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கேன். எல்லாம் மனசுல நிக்குது, கணக்கு மட்டும் நிக்க மாட்டேங்குது. நீங்க வியாபாரத்துல போடுத கணக்கப் பாத்துருக்கேன். பேப்பர் எடுக்காம சொல்லுதீங்க. எனக்குக் கணக்கு சொல்லித் தாங்க. ஒங்களுக்கு இங்கிலீஷ் நான் சொல்லித் தாரேன். நீங்க பிள்ளைக்குச் சொல்லிக் குடுங்க."

"பிள்ளைக்கு நீயே நேரா சொல்லிக் குடுத்துரலாமே?"

"நான் சீசன் முடிஞ்சாப் போயிருவேன். நீங்கதான வருசம் பூரா அவகூட இருப்பீங்க."

அப்படித்தான் தொடங்கியது. முதல் பாடமே என் மகள் தவறாக எழுதி மதிப்பெண்ணை விட்டிருந்த ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ். வாக்கியத்தின் தலையையும் வாலையும் மாற்றிப் போடுவது என்றுதான் பள்ளியில் நான் நினைத்திருந்தேன். ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அருவிக்குப் போகும் வழியில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள்.

"அங்கன என்ன எழுதிருக்குன்னு வாசிங்க."

"குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது."

"யாரு விதிச்சா?"

நான் யோசித்தேன். "அது போடலயே."

"போட வேண்டாம். யாரு போட்டாங்கங்கது முக்கியமில்ல, தடை இருக்கு, அதான் முக்கியம். செஞ்சவங்கள விட்டுட்டு, என்ன ஆச்சோ அத முன்னால கொண்டு வாரது. விதிக்கப்பட்டதுன்னு தமிழ்ல சொல்லுதோம்லா, அந்த 'பட்டது'தான் இங்கிலீஷ்ல பாஸிவ் வாய்ஸ்."

பத்தாவதில் ஒரு வருடம் முழுக்க மண்டைக்குள் போகாத ஒன்று, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் உள்ளே போய் உட்கார்ந்தது. சாயங்காலம் மகள் வந்ததும் அதே பலகையைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டேன். அவள் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து ஐந்து வாக்கியத்தை மாற்றி எழுதினாள். நாலு சரி. ஐந்தாவதில் என்ன தப்பு என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் துண்டுக்கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தோம்.

கணக்கில் எனக்குச் சிரமம் இருக்காது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மகள் அதையும் உடைத்தாள்.

"மைனஸ மைனஸால பெருக்குனா எப்படிம்மா பிளஸ் வரும்?"

"அது அப்படித்தான். ரூல்."

"டீச்சரும் அப்படித்தான் சொல்லுதாங்க. ஏன்னுதான் கேக்கேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கணக்கில் கெட்டிக்காரி என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் முழுக்கப் பழத்தை எடுத்து அடுக்கும்போதும் அதே நினைப்பு. மதியம்போல ஒரு பழப்பெட்டியின் அட்டை மூடியைக் கிழித்து, மைனஸ் மூன்றின் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து எழுதிப் பார்த்தேன். மூன்றால் பெருக்கினால் மைனஸ் ஒன்பது. இரண்டால் மைனஸ் ஆறு. ஒன்றால் மைனஸ் மூன்று. பூஜ்யத்தால் பூஜ்யம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று மூன்றாக ஏறிக்கொண்டே வருகிறது. அடுத்த வரி மைனஸ் ஒன்றால் பெருக்குவது. ஏறி வந்தது திடீரென்று இறங்குமா? அதுவும் மூன்று ஏறித்தானே ஆக வேண்டும்? பூஜ்யத்திலிருந்து மூன்று ஏறினால் பிளஸ் மூன்று.

பேனாவை வைத்துவிட்டு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் அட்டையை மழை படாத இடமாகப் பார்த்து மேலே சொருகி வைத்தார். மகள் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க டீச்சருக்குத் தெரியுமா?" என்றாள். பாராட்டு என்றால் அதுதான் பாராட்டு.

துண்டுக்கடைக்காரிக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது இதைவிடக் கடினம். அவள் முட்டாள் இல்லை. பயந்திருந்தாள். கணக்கைப் பார்த்ததும் எண்களை எடுத்துப் பெருக்கலாமா வகுக்கலாமா என்று அவசரப்படுவாள். ஆறு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையைப் பதினைந்து பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று ஒரு கணக்கு. இருபத்தைந்து நாள் என்றாள்.

"ஆள் கூடுனா நாள் கூடுமா கொறையுமா?"

"கொறையும்."

"பின்ன இருபத்தஞ்சு எப்படி வரும்? மொதல்ல பேனாவக் கீழ வை. மொத்த வேலை எவ்வளவுன்னு பாரு. ஆறு பேரு பத்து நாளு. ஒத்த ஆளு செஞ்சா எத்தன நாளு?"

"அறுபது."

"அந்த அறுபதப் பதினஞ்சு பேருக்குப் பிரிச்சுக் குடு."

"நாலு." சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டாள். "அக்கா, இவ்வளவுதானா?"

அந்தச் சீசனில் தடை அடிக்கடி விழுந்தது. மற்ற கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துப் புலம்பினார்கள். நாங்களும் புலம்பினோம், ஆனால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. சீசன் முடிந்தபிறகு போனில் தொடர்ந்தது. நான் தள்ளுவண்டியில் நின்றுகொண்டு கணக்கை வாட்ஸப்பில் பேசி அனுப்புவேன். அவள் டென்ஸை அதே மாதிரி பேசி அனுப்புவாள்.

அரைப் பரீட்சையில் மகள் கணக்கில் எண்பத்தெட்டு, இங்கிலீஷில் எழுபத்தொன்று. டைரியில் மறுபடியும் டீச்சர் எழுதியிருந்தார். இந்த முறை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிள்ளை நன்றாக முன்னேறியிருக்கிறாள், யாரிடம் டியூஷன் போகிறாள் என்று கேட்டிருந்தார். கீழே பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய நோட்டில் நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டு டைரியில் எழுதினேன்: 'ஷீ இஸ் டாட் பை மீ.' என்னால் கற்பிக்கப்படுகிறாள் என்று அர்த்தம். மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பாஸிவ் வாய்ஸாம்மா?"

"ஆமா. ஆனா இதுல செஞ்சவங்க யாருன்னு விடல, பாத்தியா?"

எனக்கு அந்த 'பை மீ'யை விட மனமில்லை.

துண்டுக்கடைக்காரி அந்த கவர்மெண்ட் பரீட்சையை எழுதினாள். கொஞ்ச மதிப்பெண்ணில் தவறிவிட்டது. போனை எடுக்கவில்லை. மார்கழியில் ஒருநாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். புத்தகங்களைக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டிருந்தாள்.

"போதும்க்கா. எனக்கு வராது."

"கணக்குல எத்தன சரி?"

"இருபத்தஞ்சுல பத்தொம்பது."

"சீசன்ல நீ எங்கிட்ட வந்தப்ப இருபத்தஞ்சுல அஞ்சு போட்ட. பத்தொம்பது போட்டவளா வராதுன்னு சொல்லுதா?"

அவளுடைய அம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான்தான் ஏறி அந்தப் புத்தகக் கட்டை இறக்கினேன். என் சேலையெல்லாம் தூசி. தேர்வில் தப்பிப்போன ஆறு கணக்கையும் அன்றைக்கே போட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த சீசனும் அப்படியே போனது. அவள் இரண்டாவது முறை எழுதினாள். அதற்கடுத்த சீசனில் முடிவு வந்த அன்று நான் ஒரு மதுரைக் குடும்பத்துக்குப் பழம் நிறுத்துக்கொண்டிருந்தேன். துண்டுக்கடைக்குள்ளிருந்து வெளியே வந்தவள், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எழுத்து பொடியாக இருந்தது, எனக்குத் தெரியவில்லை. "கணக்கு இருபத்திமூணுக்கா," என்றாள். வேலை கிடைத்துவிட்டது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாள். மதுரைக்காரர்கள் தராசில் இருந்த பழத்தை மறந்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாசுதேவநல்லூரில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சேரும் நாளில் அவள் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "நீங்க வாங்கக்கா," என்றாள். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவள் கை சில்லென்று இருந்தது. நான் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அவளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வாசல் ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"இவங்க யாரும்மா? அக்காவா?"

"இல்ல சார். எங்க கணக்கு டீச்சர்."

பழக்கடைக்காரி என்று சொல்வாள் என நினைத்திருந்தேன். அதிலும் தப்பில்லை. எனக்குத் தலையைத் தூக்கவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும் மகளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவரு எந்திச்சு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாரு. ஒக்காருங்க டீச்சர்னாரு. ஒக்காந்தேன்."